ராகு காலத்தில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம்

தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, ஆளுக்கொரு லட்டு கொடுத்துவிட்டால் எந்த ஊர்க் கூட்டத்திலும் எவரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. அதை என் சொந்தக் கண்டுபிடிப்பாக நினைத்து மூன்று மாதம் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், நான் நம்பியது சரியாகவே இருந்தது. ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்தைச் சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வரைபடம் எப்படிப் படிப்பது, படிவத்தை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு விழுப்புரத்தில் வீட்டோடு இருக்கிறவனிடம் மிச்சம் இருப்பதெல்லாம் பயந்த கதைகள்தான். அதில் ஒன்றைச் சொல்கிறேன்.

குடியிருப்புத் திட்டம் போடும் ஒரு கம்பெனியில் எனக்கு ஊர்த் தொடர்பு வேலை. ஓர் இடத்தில் வீடுகள் கட்டப்போகிறோம் என்றால், பக்கத்து ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்து, வரைபடத்தைக் காட்டி, அவர்கள் கருத்தைக் கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கடன் கொடுக்கிறவர்கள் அந்தக் காகிதம் இல்லாமல் அசைய மாட்டார்கள்.

என் முதல் கூட்டம் திருவாமாத்தூர்ப் பக்கம். “உங்கள் மனதில் உள்ளதைத் தயங்காமல் சொல்லுங்கள்” என்று மைக்கில் சொன்னேன். சொன்னார்கள். என்னில் ஆரம்பித்து என் தாத்தா வரைக்கும் சொன்னார்கள். ஒருவர் மைக்கைப் பிடுங்கினார். அவரிடமிருந்து இன்னொருவர் பிடுங்கினார். நான் நைசாக நழுவி மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பேனர் முழங்கால் வரைக்கும்தான் இருந்தது என்பது அந்த அவசரத்தில் மறந்துவிட்டது.

“சார், கால் தெரியுது” என்று ஒரு குரல் கேட்டது.

அன்றைக்குப் பால் வண்டியில் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து விழுப்புரம் வந்து சேர்ந்தேன். அடுத்த கூட்டம் என்றாலே ஒளிய இடம் தேட ஆரம்பித்தேன்.

அந்த நேரம் பார்த்து என் மைத்துனன் வீட்டுப் புதுமனை புகுவிழா வந்தது. அங்கே ஓர் அதிசயத்தைக் கண்டேன். வரப்புத் தகராறில் கோர்ட்டு வரை போன இரண்டு பங்காளிகள் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏதோ ஆரம்பித்தார். உடனே அவர் மனைவி தொடையில் கிள்ளி, “நல்ல காரியத்துல வாயத் தொறக்காத” என்றாள். மனிதர் கப்பென்று அடங்கிவிட்டார். எனக்குத் தலைக்குள் பல்பு எரிந்தது. கூட்டத்தையே நல்ல காரியமாக்கிவிட்டால்?

இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் அடுத்த திட்டம் வந்தது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில், பிரம்மதேசம் தாண்டி உள்ளே போனால் ஓர் ஊர். எல்லாம் சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பங்கள். ஊருக்கு மேற்கே ஒருவரிடம் மொத்தமாக வாங்கிய பொட்டல் காட்டில் எங்கள் வீடுகள் வரப்போகின்றன. பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட்டேன். கூட்டமா அது? கல்யாணம்! நல்ல நேரம் பார்த்தேன். வாழைமரம் கட்டினேன். நிறைகுடம் வைத்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து மேசைமேல் உட்கார வைத்தேன். வந்த பெண்களுக்கெல்லாம் குங்குமம், ஆண்களுக்குச் சந்தனம், எல்லோருக்கும் லட்டு. நாதஸ்வரத்துக்கும் சொல்லியிருப்பேன், ஆள் கிடைக்கவில்லை.

வரைபடத்தைத் தொங்கவிட்டுக் காட்டினேன். முகப்பில் வளைவு, நடுவில் நாற்பதடி அகல ரோடு, பூங்கா, கோயில், தண்ணீர்த் தொட்டி. “யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?” என்று கேட்டேன். கேட்டுவிட்டு, பழக்கத்தில் பேனர் எவ்வளவு உயரம் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

லட்டு மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஏழுமலை என்கிற ஒரு விவசாயி மட்டும் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். “வேலி எப்ப சார் போடுவீங்க?” என்றார்.

“தை பொறந்ததும் போட்டுடலாங்க.”

அவர் விரலை மடக்கி ஏதோ எண்ணினார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். பின்னாலிருந்து ஒரு அம்மா, “தையிலயேவா? மாசி ஆவாதா?” என்றார். இன்னொருவர், “போடறதுக்கு முந்தி எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிடுங்க சார்” என்றார். அவ்வளவுதான். வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் நான் எழுதியது எனக்கு இன்னமும் மனப்பாடம்: “ஆட்சேபணை ஏதுமில்லை. வேலி அமைக்கும் பணியை ஊர்மக்கள் ஆவலுடன் எதிர்நோக்குகின்றனர்.”

சென்னையில் எங்கள் மேலாளர் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, மற்றவர்களிடம் “இவரப் பாத்துக் கத்துக்கங்கய்யா” என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அப்படிச் சிரிப்பதற்குக் கண்ணாடி முன்னால் பழகியிருந்தேன்.

தை பிறந்தது. வேலிக்கு இன்னும் பதினைந்து நாள். சுண்ணாம்புப் பொடியில் எல்லை போட ஆட்களோடு போனேன். போட்டுக்கொண்டே போனபோது குறுக்கே ஒரு பாதை வந்தது. எங்கள் நாற்பதடி ரோடு வரவேண்டிய இடத்திலேயே போயிற்று. நில அளவைப் புலப்படத்தில் அப்படி ஒரு பாதை கிடையாது. ஒற்றையடிப் பாதையும் இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து நடக்கிற அகலத்துக்குப் புல் முளைக்காமல் வெளுத்துக் கிடந்தது. ஓரத்தில் காய்ந்த சாமந்தி இதழ்கள், கொஞ்சம் பொரி. கோயிலுக்குப் போகிற வழி போலிருக்கிறது, நல்ல சகுனம் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஆட்டுக்குப் போட வேர்க்கடலைக் கொடியைக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். ஏழுமலையின் மனைவி அஞ்சலை.

“இன்னா சார், இங்க வந்து கன்னத்துல போட்டுக்கினீங்க?”

“கோயில் வழிதானம்மா இது?”

அஞ்சலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். “எங்க மாமனாரு உங்களப் பாக்கணும்னு சொல்லிக்கினே இருக்காரு சார். ஊட்டுக்கு வந்து ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போங்க.”

போனேன். முருங்கை மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் அந்த மாமனார் கிடந்தார். பெயர் மண்ணாங்கட்டி. அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்காமல் போனதால், எமனுக்கு ஆசை வராத பெயராக வைத்திருக்கிறார்கள். பெயர் வேலை செய்திருந்தது. எண்பத்தேழோ எண்பத்தெட்டோ ஆகிவிட்டது. கால்தான் எழுந்து நடக்க விடவில்லை. வாய் நன்றாக நடந்துகொண்டிருந்தது.

“வா சார். வேலிக்காரரு நீதானா?”

“ஆமாங்க பெரியவரே.”

“என்னிக்கி வேலி?”

“இன்னும் பதினஞ்சு நாள்லங்க.”

பெரியவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “டேய் ஏழுமல! கேட்டுக்கினியா? பதினஞ்சு நாளுதான் டைமாம். நான் ஜல்தியா கெளம்பணும்டா.”

ஏழுமலை பதறிக்கொண்டு வெளியே வந்தார். “யப்போவ், சும்மா கெட. வெள்ளிக்கெழமையும் அதுவுமா இன்னா பேச்சு இது?”

“ஏன், வெள்ளிக்கெழமன்னா யாரும் சாவறதில்லியா? லீவா?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “இன்னா சார் முழிக்கிற? நீ சுண்ணாம்பு போட்டுக்கினு வந்தியே, அது சுடுகாட்டு வழி. எங்கப்பன் அதுலதான் போனான். எங்கம்மா அதுலதான் போனா. என் பொஞ்சாதி போனா. நான் மட்டும் பஸ் புடிச்சா போவேன்?”

மோர் எனக்கு மூக்கு வழியாக வந்தது.

“அன்னிக்கி வேலி எப்ப வேலி எப்பன்னு கேட்டானுங்களே, எதுக்கு? வேலி வர்றதுக்குள்ள நான் போயிடுவனா, மாட்டனான்னு எண்ணிக்கினு கெடக்கறானுங்க.”

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். நான் அஞ்சலையிடம் கேட்டேன். “ஏம்மா, கூட்டத்துல ஒருத்தர் கூடச் சொல்லலியே?”

“எப்பிடி சார் சொல்றது? வாழமரம் கட்டிக்கீறீங்க. புள்ளையாரு வச்சிக்கீறீங்க. நெத்தியில குங்குமம், கையில லட்டு. அந்த எடத்துல நின்னுக்கினு சுடுகாடுன்னு எந்த வாயால சார் சொல்லுவோம்? நீங்களா எதனா கேப்பீங்கன்னு பாத்தா, நீங்க கற்பூரம் காட்டிக்கினு நின்னீங்க.”

சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். முடிக்கும்போது சிரிப்பு இல்லை. “இந்த வழி போச்சுன்னா ஏரிக்கரைய சுத்திக்கினுதான் சார் போவணும். போன ஐப்பசி மழையில அந்தாண்ட ஊர்க்காரங்க ஒரு ஆயாவ அப்பிடித்தான் தூக்கிக்கினு போனாங்க. வழுக்கி, பாடையோட சேத்துல உட்டுட்டாங்க. அந்த ஆயா பொண்ணு அழுத அழுவ இன்னும் காதுல கேக்குது. எங்க மாமனாருக்கு அந்த கெதி வரக்கூடாது சார்.”

தொழிலில் நெருக்கடி வந்தால் அனுபவசாலி என்ன செய்வான் என்று நீங்கள் கேட்கலாம். நான் செய்ததைச் சொல்கிறேன். பெரியவரைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். சிரிக்காதீர்கள். அன்றைக்கு அது எனக்குச் சரியான யோசனையாகத்தான் பட்டது. வேலி போட்ட பிறகு அவர் போனால், பாடையோடு ஊரே வந்து எங்கள் கேட்டில் நிற்கும். நான் ‘ஆட்சேபணை ஏதுமில்லை’ என்று எழுதிய தாள் என் கழுத்தில் தொங்கும். அவர் போகவே இல்லை என்றால் ஒரு சிக்கலும் இல்லையே?

மறுநாளே திண்டிவனத்திலிருந்து ஒரு டாக்டரை என் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் பெரியவரின் நாடியைப் பார்த்தார், நான் நகம் கடிப்பதைப் பார்த்து என் நாடியையும் பார்த்தார். “அவருக்கு ஒண்ணும் இல்ல. நீங்கதான் ஒரு நல்ல எடத்துல காட்டிக்கணும்” என்றார். நான் விடவில்லை. சத்துமாவு வாங்கிக் கொடுத்தேன். பெரியவர் தலையணைக்கடியில் இருந்த பீடிக்கட்டைப் பிடுங்கினேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறினால் ஓடிப்போய் உச்சந்தலையில் தட்டினேன்.

நாலாம் நாள் பெரியவர் கட்டிலிலிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னா பேஜாரு சார் இது! தெனம் ரெண்டு தபா வந்து, உசுரு இருக்குதா போச்சான்னு பாத்துக்கினு போற. எமன்கூட என்னத் தேடி இத்தினி தபா வந்ததில்ல. என் பீடியக் குடு.”

முருங்கை மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்த பசங்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. பீடிக்கட்டைக் கொடுத்துவிட்டு நேராக ரோட்டோரத்து டெலிபோன் பூத்துக்குப் போனேன்.

மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“ஆட்சேபணை இல்லன்னு நீங்கதானே எழுதினீங்க?”

“ஆமா சார்.”

“அப்ப அது பொய்யா?”

“பொய் இல்ல சார். அவங்க ஒண்ணும் சொல்லலைங்கறது நெசம். நான் சொல்ல விடலைங்கறதும் நெசம்.”

“மறுபடி கூட்டம் போடுங்க. செவ்வாய்க்கிழம நானே வர்றேன்” என்று வைத்துவிட்டார். வேலை போகப்போகிறது என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் பால் வியாபாரம் எப்படி என்று விசாரித்தேன். கேன்களோடு ஏற்கெனவே பழக்கம் இருந்தது.

எப்போது கூட்டினால் பேசுவார்கள் என்று அஞ்சலையிடம் கேட்டேன். “நல்ல நேரத்துல கெட்டதப் பேச முடியாது சார்” என்றார். நல்ல நேரம் வேண்டாம் என்றால் எந்த நேரம்? நாள்காட்டியைப் பார்த்தேன். செவ்வாய் மூன்று முதல் நாலரை ராகு காலம். அதையே வைத்தேன். வாழைமரம் இல்லை, பிள்ளையார் இல்லை, மேசைக்குத் துணிகூடப் போடவில்லை. லட்டுக்குப் பதிலாக வரக்காப்பி. பால் இல்லாத காப்பி சாவு வீட்டில்தான் கொடுப்பார்கள் என்று ஊருக்கே தெரியும். வந்தவர்கள் தம்ளரை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஆங், இப்ப பேசலாம்” என்பதுபோல உட்கார்ந்தார்கள். இடம், அந்தப் பாதை ஓரத்துப் புளியமரத்தடி.

மேலாளரின் கார் மூன்று மணிக்கு வந்து நின்றது. மனிதர் இறங்கவில்லை. கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி, “யோவ், ராகு காலத்துலயா வெச்சிருக்க? நாலரைக்கு முன்னாடி நான் கால கீழ வெக்க மாட்டேன்” என்றார்.

அந்த நேரம் பார்த்து ஊர்ப் பக்கத்திலிருந்து நாலு பேர் ஒரு கட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையில் வந்தார்கள். போயிட்டாரய்யா, வேலிக்கு முன்னாலேயே போயிட்டார், அதுவும் மேலாளர் கண்ணெதிரே! கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிட்டே வந்ததும் கட்டிலிலிருந்து ஒரு கை எழும்பி முன்னால் தூக்கி வந்தவன் முதுகில் தட்டிற்று. “குலுக்காம தூக்குங்கடா. ஒத்திகையிலயே கீழ போட்ருவீங்க போல இருக்குது.”

கட்டிலைக் காரை ஒட்டி இறக்கினார்கள். மேலாளர் வெளியே வராததால் ஊர் காரைச் சுற்றி நின்றுகொண்டது. பேச ஆரம்பித்தார்கள் பாருங்கள்! வழி மட்டும் இல்லை. மழைத்தண்ணீர் ஏரிக்குப் போகிற ஓடையை எங்கள் பூங்கா அடைத்திருந்தது. ஆடுகள் போகிற தடத்தில் தண்ணீர்த் தொட்டி நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே நடக்கிற இடத்தில் எங்கள் வளைவு. மஞ்சள் பிள்ளையார் முன்னால் மூன்று மாதம் முன்பு விழுங்கியதையெல்லாம் ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். நான் எழுத எழுத நோட்டில் பக்கம் போதவில்லை. மேலாளரின் கண்ணாடி மெல்ல மெல்லக் கீழே இறங்கி, முழுக்க இறங்கிவிட்டது.

“மத்ததெல்லாம் சரி பண்ணலாம்” என்றார் கடைசியில். “சுடுகாட்டுக்கு வழி விட்டா, எடம் பாக்க வர்றவங்க அதப் பாத்ததும் திரும்பிப் போயிடுவாங்கம்மா. ஒரு மனை விக்காது.”

அஞ்சலை கார் ஜன்னலில் கையை வைத்தார். “ஏன் சார், உங்க வீடுங்கள்ல குடி வர்றவங்க யாரும் சாவவே மாட்டாங்களா?”

மேலாளர் மடியிலிருந்த வரைபடத்தை விரித்துப் பார்த்தார். நானும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விளையாட, சாமி கும்பிட, தண்ணீர் பிடிக்க, காய்கறி வாங்க, எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. அதை வரைந்தவர், சரிபார்த்தவர், ஊரைக் கூட்டிக் காட்டிய நான் உட்பட ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை.

“நடுவுல வேணாம் சார்” என்றார் ஏழுமலை, அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்து. “கெழக்கால ஓரமா குடுங்க போதும். ஆனா நாலு பேரு தூக்கிக்கினு சேந்தாப்பல நடக்கணும். மேடா இருக்கணும்.”

மேலாளர் பேனாவை எடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார். மணி நாலு இருபது. பத்து நிமிஷம் ஊரே சும்மா நின்றது. பெரியவர் மட்டும், “இன்னா சார், பேனாவுக்கும் ராகு காலமா?” என்றார். நாலு முப்பத்தொன்றுக்கு மேலாளர் காரிலிருந்து இறங்கி, வரைபடத்தைப் பானட்மேல் விரித்து, கிழக்கு ஓரத்தில் ஆறு மனைகளை அடித்துவிட்டு ஒரு கோடு போட்டார். வேலி ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. என் வேலை போகவில்லை. என் பழைய குறிப்பை என் கையாலேயே ரத்து செய்து எழுத வைத்தார், அது வேலை போவதைவிடக் கொஞ்சம் மோசமாக இருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான். கூட்டத்தில் ஆட்கள் வாயைத் திறக்கவில்லை என்றால் சம்மதம் என்று எழுதிவிடாதீர்கள். இந்த இடத்தில், இந்த நேரத்தில், என் முன்னால் எதை இவர்களால் சொல்ல முடியாது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அதற்குப் பிறகு நான் கூட்டிய எந்தக் கூட்டத்திலும் லட்டு கையெழுத்துக்கு அப்புறம்தான். பயம் மட்டும் கடைசிவரை போகவில்லை. அது போகாமல் இருப்பதே நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

வீடுகள் வந்தன. பாதையும் வந்தது. அந்த வழியில் முதலில் போனவர் ஊர்க்காரர் இல்லை. எங்கள் வீடு ஒன்றில் குடியேறி எட்டு மாதமே ஆகியிருந்த, தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற ஒருவர். மகன் துபாயிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தான். அவனுக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. செய்தி கேட்டு ஏழுமலையும் ஊரிலிருந்து மூன்று பேரும் போய்த் தோள் கொடுத்தார்கள். பாதையோரம் தன் கட்டிலைப் போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், கும்பிட்டுவிட்டு என்னிடம் முணுமுணுத்தார். “நான் சண்ட போட்டு வாங்கன வழி சார். எனக்கு முன்னாடி பூந்துக்கினு போறாரு பாரு.”

பெரியவர் அதற்கப்புறம் நாலு வருஷம் இருந்தார். ஐப்பசியில், மூன்று நாள் விடாத மழையில் போனார். கிழக்கு ஓரத்து வழியாகத்தான் கொண்டுபோனோம். பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தோம்.